ஏரா மரமும் எஃகுத் தட்டும்: முதுகெலும்பு மருத்துவத்தின் வரலாறு

மரக்கலம் கட்டுவோர் முதன்முதலாகக் கிடத்துவது ஏரா மரத்தையே. அதன் மீதுதான் வங்குக்கால்கள் எழுகின்றன, பலகைகள் பொருந்துகின்றன, பாய்மரம் நிமிர்கின்றது. மனித உடலில் முதுகெலும்புக்கு உரிய இடமும் அதுவே என்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுதி வைத்தார் மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனா (கி.பி. 980-1037). ‘அல்கானூன்’ என்னும் தம் பெருநூலின் முதற் பகுதியில் முதுகெலும்பின் பயன்கள் நான்கினை அவர் வகுத்துரைக்கிறார். தண்டுவடம் செல்லும் வழியாக அமைதல், தனக்கு முன்னே இருக்கும் மென்மையான உறுப்புகளைக் காத்தல், மற்றெல்லா எலும்புகளுக்கும் அடித்தளமாதல் ஆகியன முதல் மூன்று. நான்காவது பயனே நம் கட்டுரைக்கு வேண்டியது. மனிதன் நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், பல பக்கமும் வளையவும் வேண்டும். ஆதலால் அது ஒரே எலும்பாக இராமல் பல எலும்புகளின் கோவையாக அமைந்தது என்கிறார் அவர்.

உறுதியும் வேண்டும், அசைவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு தேவைகளுக்கும் இடையில்தான் முதுகெலும்பு மருத்துவத்தின் வரலாறு முழுவதும் நடந்துள்ளது. மருத்துவர்கள் ஒரு காலத்தில் உறுதியைப் பெறுவதற்காக அசைவைக் கைவிட்டனர். பிறிதொரு காலத்தில் அசைவை மீட்பதற்காக உலோகத்தாலும் செயற்கைப் பொருளாலும் ஒரு மாற்றுத் தட்டினைச் செய்தனர். கழுத்து வலி, இடுப்பு வலி என்று நம்மவர் வாய்க்கு வாய் சொல்லும் துன்பத்துக்கு மனிதன் கண்ட இந்தப் பரிகாரத்தின் கதையை இங்கு நோக்குவோம்.

தட்டு என்னும் அமைப்பு

கழுத்தில் ஏழு, மார்புப் பகுதியில் பன்னிரண்டு, இடுப்பில் ஐந்து என அசையும் முள்ளெலும்புகள் இருபத்து நான்கு. முதலிரண்டு கழுத்தெலும்புகளுக்கிடையே தட்டு கிடையாது. ஏனையவற்றில் அடுத்தடுத்துள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவிலும், இறுதி இடுப்பெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவிலும் ஒவ்வொரு தட்டு உண்டு. ஆக இருபத்து மூன்று. இவற்றையே மருத்துவர்கள் டிஸ்க் என்கின்றனர். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதி இருக்கிறது. அதனைச் சுற்றி உறுதியான நார்கள் அடுக்கடுக்காகப் பின்னி வளையமிட்டுள்ளன. சுமையை ஏற்பது கூழ். அது வெளியே பிதுங்காமல் பிடித்து வைப்பது வளையம்.

இத்தட்டுக்கு ஒரு குறை உண்டு. வளர்ந்த மனிதரிடத்தில் அதன் உட்பகுதிக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து ஊட்டம் மெல்ல மெல்லக் கசிந்து உட்புக வேண்டும். இக்கசிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை உயிருள்ள மனிதரிடத்தே காந்தப் படங்களால் படிப்படியாகக் காட்டிய ஓர் ஆய்வு, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் எஸ். இராஜசேகரன் குழுவினரால் செய்யப்பட்டு, 2004-ஆம் ஆண்டில் பன்னாட்டு முதுகெலும்பு ஆய்வுக் கழகத்தின் பரிசைப் பெற்றது. ஊசி வழியே செலுத்திய மருந்து தட்டின் நடுவை அடையப் பல மணி நேரம் ஆகின்றது என்பதை அப்படங்கள் காட்டின. இவ்வாறு மெதுவாக உண்டு வாழும் ஓர் உறுப்பு சேதமுற்றால் எளிதில் ஆறுவதில்லை. வயது ஏற ஏற அதில் நீர் வற்றுகிறது, உயரம் குறைகிறது, வளையத்தில் கீறல் விழுகிறது. கீறல் வழியே கூழ் பிதுங்கிப் பக்கத்து நரம்பை அழுத்தினால் வலி கழுத்திலிருந்து கைக்கும், இடுப்பிலிருந்து காலுக்கும் இறங்குகிறது.

பண்டையோர் கண்டதும் செய்ததும்

எகிப்து நாட்டில் கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட அறுவை மருத்துவ ஓலை ஒன்று இன்று எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என வழங்குகிறது. கழுத்தெலும்பு நொறுங்கிக் கைகால் உணர்வற்றுப் போனவனைப் பற்றி அதில் குறிப்பு உண்டு. அது மருத்துவம் செய்வதற்குரிய நோயன்று என்று அவ்வோலை கைவிரித்து விடுகிறது.

கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீஸ், நோயாளியைப் பலகையில் குப்புறக் கிடத்தி இரு பக்கமும் இழுத்து முதுகினை அழுத்தும் முறையை விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அக்காலத்தில் சிலர் கூனரை ஏணியில் கட்டி, உயரே தூக்கிச் சட்டென்று கீழே விடுவர். இதனைச் செய்வோர் பெரும்பாலும் கூட்டத்தை வியக்க வைக்க விரும்புவோரே என்றும், நோயாளிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதில் அவர்களுக்குக் கவலையில்லை என்றும் அந்நூல் கடிந்துரைக்கிறது. இந்தக் கண்டனத்தை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். இருபத்தொன்றாம் நூற்றாண்டு வரை இது நமக்குத் துணை வரும்.

குர்துபா நகரத்தின் அருகே வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். கருவிகளின் படங்களை வரைந்து காட்டியது அந்நூலின் பெருஞ்சிறப்பு. இடம் பெயர்ந்த முதுகெலும்பைப் பலகையில் இழுத்து அமர்த்தும் முறையும், வலிக்குச் சூட்டுக்கோல் வைக்கும் முறையும் அதில் உண்டு. இந்நூலின் அறுவைப் பகுதியும் இப்னு ஸீனாவின் நூலும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரெமோனா ஜெரார்டு என்பவரால் இலத்தீனுக்குச் சென்றன. ஐரோப்பியக் கல்விச் சாலைகள் பல நூற்றாண்டுகள் இவற்றைப் பாடமாக ஓதின. ஸஹ்ராவியின் வழி நின்று அமாஸ்யா நகரத்து ஷரஃபுத்தீன் ஸாபூன்ஜுஓக்லு 1465-இல் துருக்கி மொழியில் எழுதிய அறுவை நூலில், மருத்துவர் நோயாளியின் முதுகைச் சீர் செய்யும் காட்சி வண்ணப் படமாகவே தீட்டப்பட்டுள்ளது.

ஆயினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. இவர்கள் கண்டது எலும்பின் பிறழ்ச்சியைத்தான். எலும்புகளுக்கு இடையே கிடந்த தட்டு நோய்க்குக் காரணமாகும் என்பது அவர்களில் எவருக்கும் தோன்றவில்லை. யூனானி மருத்துவர்கள் இன்றும் ‘இர்குன்னஸா’ என்று அழைக்கும் அந்தக் கால் வலியை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர், விவரித்தனர், மருந்தும் சொன்னார்கள். அதன் வேர் முதுகில் இருப்பதை மட்டும் அறியவில்லை. முன்னோரின் பெருமையைப் பேசும்போது அவர்கள் அறியாததையும் சேர்த்துச் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. கி.பி. 1200-ஐ ஒட்டிய பஞ்சத்தின்போது எகிப்தில் குவிந்து கிடந்த எலும்புகளைத் தாமே ஆராய்ந்து, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற காலனின் கூற்று தவறு, அது ஒரே எலும்பே என்று அறிவித்தவர் அப்துல்லத்தீஃப் அல்பக்தாதி. ஆசான் சொன்னதைவிடக் கண் கண்டதே பெரிது என்பது அவர் வகுத்த நெறி. அந்நெறிப்படியே நாமும் இவ்வரலாற்றைக் காண வேண்டும்.

கட்டியென்று மயங்கிய காலம்

வெஸாலியஸ் 1543-இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் தட்டின் அமைப்பு வரையப்பட்டது. நேப்பிள்ஸ் நகரத்து கொத்துன்யோ 1764-இல், கால் வலி இடுப்பு மூட்டின் நோயன்று, நரம்பின் நோயே என்று தெளிவுபடுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விர்ச்சோவும் லுஷ்காவும் இறந்தோர் உடல்களில் பிதுங்கிய தட்டுகளைக் கண்டு எழுதினர். ஆனால் பிணக்கூடத்தில் கண்டதை நோயாளியின் படுக்கையோடு எவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

பெர்லினில் ஓப்பன்ஹைம் என்னும் நரம்பு மருத்துவரும் கிரவுசே என்னும் அறுவை மருத்துவரும், நரம்பை அழுத்திய ஒரு திசுவை அகற்றி நோயாளியைக் குணப்படுத்திய செய்தியை 1909-இல் வெளியிட்டனர். அகற்றியதைக் குருத்தெலும்புக் கட்டி என்று அவர்கள் எண்ணினர். நோய் தீர்ந்தது, நோயின் பெயர்தான் தவறிப் போயிற்று. அமெரிக்காவில் வால்டர் டான்டி 1929-இல், தட்டிலிருந்து பெயர்ந்த குருத்தெலும்பே நரம்பை அழுத்துகிறது என இரண்டு நோயாளிகளைக் கொண்டு எழுதினார். உலகம் செவி சாய்க்கவில்லை.

பாஸ்டன் நகரத்து மாஸசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மிக்ஸ்டர், பார் ஆகிய இருவர் செய்ததோ எளிய காரியம். கட்டி என்று முன்னர் அகற்றிப் புட்டிகளில் சேமித்து வைத்திருந்த திசுக்களை எடுத்து மீண்டும் ஆராய்ந்தனர். கட்டியெனப் பெயரிட்டிருந்தவற்றுள் பெரும்பாலானவை தட்டின் பிதுக்கங்களே என்று கண்டனர். 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது கட்டுரை மருத்துவ உலகையே புரட்டிப் போட்டது. பழைய புட்டிகளைத் திறந்து பார்க்கும் மனம் அவர்களுக்கு இருந்தது. அந்த மனமே அக்கண்டுபிடிப்பு.

அசைவைக் கொடுத்து உறுதியை வாங்குதல்

பிதுங்கிய துண்டை அகற்றினால் காலுக்கு இறங்கும் வலி பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் தேய்ந்து தாழ்ந்த தட்டினால் இடுப்பிலேயே நிலைத்திருக்கும் வலிக்கு என்ன செய்வது? இதற்கு விடையாக வந்தது எலும்பிணைப்பு. நியூயார்க் நகரத்தில் 1911-ஆம் ஆண்டில் ஹிப்ஸ், ஆல்பீ ஆகிய இருவரும் தனித்தனியே இம்முறையைத் தொடங்கினர். அவர்கள் முன்னே இருந்த நோயோ முதுகெலும்புக் காசநோய். எலும்பு அரித்து முதுகு கூனாமல் இருப்பதற்காக முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தனர். அந்நோய்க்கு அது தகுந்த வழியாக இருந்தது. காலப்போக்கில் அதே வழி தேய்ந்த தட்டுகளுக்கும் வந்து சேர்ந்தது. கழுத்தில் முன்புறமாகச் சென்று தட்டை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து வெட்டிய எலும்பை அவ்விடத்தில் பொருத்தும் முறையை ஸ்மித்தும் ராபின்சனும் ஒருபுறமும், ஹொனலூலு நகரத்து கிளௌவர்டு மறுபுறமும் 1950-களில் வகுத்தனர்.

இணைத்த எலும்புகள் அசையா. அசையாத இடத்தில் வலியும் குறைகிறது. ஆனால் கதவின் மூன்று கீல்களில் ஒன்று துருவேறி இறுகினால் மற்ற இரண்டும் அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமல்லவா? கழுத்தெலும்பு இணைக்கப்பட்ட 374 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க மருத்துவர் ஹிலிபிராண்டும் அவர் துணைவர்களும் 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். இணைத்த இடத்துக்கு அடுத்த மட்டத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 2.9 பேர் வீதம் புதிய நோய்க் குறிகள் தோன்றின. இது இணைப்பினால் விளைந்த கேடா, முதுமையினால் எப்படியும் வந்திருக்கும் தேய்வா என்னும் வழக்கு இன்னும் முற்றுப் பெறவில்லை. எனினும் அசைவைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அக்கணக்கு வலுச் சேர்த்தது.

பப்பாளிப் பாலும் எஃகுக் குண்டும்

இடையில் வந்த இரண்டு முயற்சிகளைச் சொல்லாமல் நகர்வதற்கில்லை. நம் தோட்டங்களில் பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் இறைச்சியைக் கரைக்கும் சத்து இருப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவர். கறி விரைவில் வேகப் பப்பாளிக் காயைச் சேர்ப்பது அதனாலேயே. அப்பாலில் உள்ள கைமோபப்பேயின் என்னும் பொருளைத் தட்டினுள் ஊசியால் செலுத்திக் கூழைக் கரைக்கும் முறையை அமெரிக்கரான லைமன் ஸ்மித் 1960-களின் தொடக்கத்தில் கொண்டு வந்தார். 1982-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. பலருக்கு நலம் விளைந்ததாயினும் அரிதாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் நரம்புக் கேடும் நேர்ந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தது.

மற்றொன்று எஃகுக் குண்டு. தட்டை எடுத்த வெற்றிடத்தில் பளபளப்பான எஃகு உருண்டை ஒன்றை வைத்தால் எலும்புகள் அதன் மீது உருளும் என்பது சுவீடன் நாட்டு ஃபெர்ன்ஸ்ட்ரோமின் எண்ணம். 125 நோயாளிகளுக்கு 191 குண்டுகளைப் பொருத்தி, 1966-ஆம் ஆண்டில் அவர் கட்டுரை வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் ரைட்சும் ஜூபேரும் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே கழுத்தில் இத்தகைய குண்டுகளை வைத்திருந்தனர். ஆனால் எலும்பு எஃகைவிட மென்மையானது. ஈர மணலில் வைத்த இரும்புக் குண்டு போல, ஆண்டுகள் செல்லச் செல்ல உருண்டைகள் எலும்புக்குள் அமிழ்ந்தன. உயரமும் போயிற்று, அசைவும் போயிற்று. அம்முறை கைவிடப்பட்டது.

பெர்லினில் பிறந்த தட்டு

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி, தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மாற்றாக உலோகத் தண்டும் பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டை 1962-இல் நிலைநாட்டினார். உலோகத்தின் மீது வழவழப்பான அப்பொருள் உரசும்போது தேய்மானம் குறைவு. இடுப்புக்கு ஆனது முதுகுக்கு ஆகாதா என்ற வினா பல நாடுகளில் எழுந்தது. நடைமுறைக்கு வந்த விடை, சுவரால் பிளவுண்டிருந்த பெர்லின் நகரத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்தது.

அவ்விடையைத் தந்தவருள் ஒருவர் காரின் பியூட்னர்-யான்ஸ் என்னும் பெண்மணி. உலகம் முதலில் அவரை மருத்துவராக அறியவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சியில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்ற கிழக்கு ஜெர்மானிய வீராங்கனை அவர். முதுகை வில்லாக வளைத்துக் கம்பிகளுக்கிடையே பறந்தவர், பின்னர் எலும்பு மருத்துவம் பயின்று, கிழக்கு பெர்லினின் புகழ்மிக்க சாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு கூர்ட் ஷெல்நாக் என்னும் துணைவருடன் சேர்ந்து 1980-களின் தொடக்கத்தில் அவர் வகுத்த அமைப்பு இதுதான்: மேலே ஓர் உலோகத் தகடு, கீழே ஓர் உலோகத் தகடு, இரண்டுக்கும் நடுவே இரு பக்கமும் குவிந்த பாலிஎத்திலீன் வில்லை. தகடுகள் எலும்பைப் பற்றிக்கொள்ளும்; வில்லை அவற்றுக்கிடையே வழுக்கி நகரும். நோயாளி குனிந்தால் வில்லை பின்னுக்கு நகரும். நிமிர்ந்தால் முன்னுக்கு வரும்.

1984-இல் முதல் தட்டு மனித உடலில் பொருத்தப்பட்டது. வெற்றி உடனே வந்து விடவில்லை. முதல் வகையின் தகடுகள் சிறியனவாதலால் எஃகுக் குண்டுகளைப் போலவே எலும்புக்குள் அமிழ்ந்தன. இரண்டாம் வகையில் பக்கவாட்டில் இறக்கைகள் சேர்த்துத் தகட்டை அகலமாக்கினர். இப்போது உலோகம் களைப்புற்று முறிந்தது. 1987-இல் உருவான மூன்றாம் வகையில் கோபால்ட்-குரோமியக் கலவையால் தகடுகள் வார்க்கப்பட்டன. எலும்பின் பரப்பை நன்கு மூடும் அளவும், விளிம்பில் பற்களும் கொடுக்கப்பட்டன. இதனைச் செய்து தந்தது மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நிறுவனம். பெர்லின் சுவர் இடிவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, கிழக்கின் சிந்தனையும் மேற்கின் தொழிற்சாலையும் ஒரு நோயாளியின் முதுகில் ஒன்று சேர்ந்தன என்பது வரலாற்றின் வியப்புகளில் ஒன்று.

பிரான்சு நாட்டு மொன்பெலியே நகரத்தில் தியெரி மார்னே என்பவர் 1990-ஐ ஒட்டி வேறொரு வகைத் தட்டினைப் பொருத்தத் தொடங்கினார். அதுவும் பின்னர் உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் சாரிட்டே தட்டின் சோதனை தொடங்கிற்று. 304 நோயாளிகளில் 205 பேருக்குத் தட்டும், 99 பேருக்கு எலும்பிணைப்பும் செய்து ஒப்பிட்டனர். இரண்டாண்டு முடிவில் தட்டு இணைப்புக்குத் தாழ்ந்ததன்று எனக் கண்டு, 2004 அக்டோபரில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று.

கழுத்துக்கு வந்த தட்டு

இடுப்புத் தட்டைப் பொருத்த வேண்டுமாயின் வயிற்றின் முன்புறமாகச் சென்று, குடலை ஒதுக்கி, உடலின் பெரிய இரத்தக் குழாய்களை விலக்க வேண்டும். ஒரு முறை செய்த இடத்தில் மறுமுறை செல்வது மேலும் ஆபத்தானது. பழைய தழும்பு இரத்தக் குழாய்களை எலும்போடு ஒட்ட வைத்துவிடும். கழுத்தில் இத்தொல்லை குறைவு. சுமையும் தலையின் பாரம் மட்டுமே. ஆதலால் கழுத்துத் தட்டின் வரலாறு நல்ல முறையில் நடந்தேறியது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃபிரெஞ்சே மருத்துவமனையில் பிரையன் கம்மின்ஸ் என்னும் நரம்பு அறுவை மருத்துவர், 1980-களின் இறுதியில் மருத்துவமனையின் பட்டறையிலேயே ஓர் உலோகத் தட்டினை வடிவமைத்தார். 20 நோயாளிகளிடம் கண்ட பயன் 1998-இல் வெளிவந்தது. அதன் வழி வந்த தட்டு, 541 பேரைக் கொண்ட ஒப்பீட்டுச் சோதனைக்குப் பின் 2007-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு பல தட்டுகளும் வந்தன. 2013-இல் அடுத்தடுத்த இரு மட்டங்களுக்கும் பொருத்த அனுமதி கிடைத்தது. கழுத்துச் சோதனைகள் பலவற்றில், மறு அறுவையின் தேவை இணைப்பைவிடத் தட்டுப் பொருத்தியோரிடம் குறைவாகவே காணப்பட்டது. சிலரிடம் தட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்து அசைவை இறுக்கி விடுவதும் உண்டு.

கணக்கும் வழக்கும்

அனுமதி கிடைத்ததும் செய்தித்தாள்கள் புகழ்ந்தன. நோயாளிகள் வரிசையில் நின்றனர். ஆனால் வினாக்களும் எழுந்தன. சோதனையில் தட்டுக்கு எதிராக நிறுத்தப்பட்ட இணைப்பு முறை, முடிவு வெளியாகும் காலத்தில் மருத்துவர் பலர் கைவிட்ட பழைய முறையாயிற்றே என்றனர் சிலர். தளர்ந்த குதிரையோடு ஓடவிட்டு வென்ற குதிரையை எப்படி மெச்சுவது? ஐரோப்பாவில் பல ஆண்டுகளுக்கு முன் பொருத்திக்கொண்டவர்களில் சிலர் தட்டு இடம் பெயர்ந்தும், பின்புற மூட்டுகள் தேய்ந்தும் மீண்டும் வலியோடு வந்தனர். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்புறுதி, அறுபது வயதைக் கடந்தோர்க்கு இடுப்புத் தட்டின் செலவை ஏற்பதில்லை என 2007-இல் அறிவித்தது. அனுமதியில் முந்தி நின்ற சாரிட்டே தட்டே சில ஆண்டுகளில் விற்பனையிலிருந்து விலகியது.

இவற்றிலெல்லாம் நாம் பெரிதாகக் கருதுவது நார்வே நாட்டு மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வினை. நாட்பட்ட இடுப்பு வலியுடைய 173 பேரை அவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் செயற்கைத் தட்டு. மற்றவர்க்கு அறுவை கிடையாது. உடற்பயிற்சியும், முதுகைக் குறித்த அச்சத்தைப் போக்கும் அறிவுரையும் சேர்ந்த ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சி மட்டுமே. ஈராண்டுகளுக்குப் பின் இரு பிரிவினரும் நலம் கண்டனர். தட்டுப் பொருத்தியோர் நூறு புள்ளி அளவுகோலில் 8.4 புள்ளி கூடுதலான நலம் கண்டனர். ஆனால் நோயாளி உணரத்தக்க வேறுபாட்டுக்குப் பத்துப் புள்ளியாவது வேண்டும் என்று ஆய்வாளர்களே முன்கூட்டி வரையறுத்திருந்தனர். அறுவைப் பிரிவில் ஒருவர் இரத்தக் குழாய்ச் சேதத்தால் காலை இழந்தார்.

இம்முடிவை எப்படிப் படிப்பது? தட்டு பயனற்றது என்று இது சொல்லவில்லை. உண்மையிலேயே கூடுதல் நலம் தெரிந்தது. தட்டு அற்புதம் என்றும் இது சொல்லவில்லை. பொறுமையோடு கற்ற உடற்பயிற்சி, கத்தியின் அருகே வந்து நிற்கும் வல்லமை உடையது என்பதே இதன் செய்தி. தங்கள் அளவுகோலைத் தாங்களே முன்னரே எழுதி வைத்து, முடிவு அதை எட்டவில்லை என்று வெளிப்படையாகக் கூறிய அம்மருத்துவர்களின் நேர்மையையும் நாம் போற்ற வேண்டும்.

எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. உலோகமே இல்லாமல் செயற்கைப் பொருளால் மட்டும் ஆன ஒரு தட்டு ஐரோப்பாவில் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டு, உடலினுள் சிதைந்ததாலும் இடம் பெயர்ந்ததாலும் 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. பன்னாட்டுப் பத்திரிகையாளர்கள் 2018-இல் மருத்துவக் கருவிகளைப் பற்றி நடத்திய பெரும் புலனாய்வில் அதன் கதையும் வெளிவந்தது. நோயாளிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று கவலைப்படாதோரை அன்று கிரேக்க மருத்துவ நூல் கடிந்துரைத்ததே, அக்கண்டனத்தின் தேவை இன்னும் தீரவில்லை.

படம் காட்டுவதும் உடல் உணர்வதும்

இன்று நம் ஊர்களில் முதுகு வலி என்று சென்றாலே காந்தப் படம் எடுத்து வரச் சொல்வது வழக்கமாகி விட்டது. ‘தட்டு விலகியிருக்கிறது’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் குடும்பமே நடுங்குகிறது. அவர்கள் அறிய வேண்டிய ஒரு கணக்கை 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு அவர்கள் காந்தப் படம் எடுத்தனர். எல்லாத் தட்டுகளும் பழுதின்றி இருந்தவர் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே. நூற்றுக்கு 52 பேரிடம் குறைந்தது ஒரு தட்டாவது புடைத்திருந்தது. 27 பேரிடம் பிதுக்கமே இருந்தது. அவர்கள் அனைவரும் வலியின்றி நடமாடியவர்கள்!

நரை தலைக்கு வருவது போலத் தேய்வு தட்டுக்கு வருகிறது. படத்தில் தெரியும் தேய்வும் நோயாளியின் வலியும் ஒன்றே என்று நிலைநாட்டாமல் தட்டை மாற்றினால், குற்றமற்றவனைத் தண்டித்த கதையாகி விடும். வலி இருந்த இடத்திலேயே இருக்கும். இடுப்பு வலிக்குச் செய்யப்படும் தட்டு மாற்றம் சிலருக்கு நலம் தந்து சிலரைக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கழுத்திலோ, இன்ன நரம்பை இன்ன தட்டு அழுத்துகிறது என்பதைக் கையின் மரத்த இடத்தையும் தளர்ந்த தசையையும் கொண்டு பெரும்பாலும் துல்லியமாகக் கூற இயலும். காரணம் தெளிவானால் பரிகாரமும் பலிக்கிறது.

ஆகவே, அறுவைக்கு முன் ஒவ்வொருவரும் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டியவை உண்டு. என் வலிக்கு இந்தத் தட்டுத்தான் காரணம் என்பது எவ்வாறு தெரிந்தது? பின்புறச் சிறு மூட்டுகள் நல்ல நிலையில் உள்ளனவா? எலும்பின் வலிமை போதுமா? பயிற்சியாலும் மருந்தாலும் பல மாதங்கள் முயன்று பார்த்தாயிற்றா? பொருத்திய தட்டு பழுதுற்றால் அடுத்த வழி என்ன? அதே வேளையில், கையோ காலோ வலுவிழந்து வருமாயின், மலசலம் கழிப்பதில் கட்டுப்பாடு தளருமாயின், வினாக்களோடு காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காலம் தாழ்த்தினால் நரம்பு மீளாது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் இந்த எலும்புக் கோவையோடு போராடி வருகிறான். இழுத்துப் பார்த்தான்; சுட்டுப் பார்த்தான்; கரைத்துப் பார்த்தான்; இணைத்துப் பார்த்தான்; இறுதியில் மாற்றியும் பார்த்து விட்டான். இவற்றுள் முன்னேற்றம் என்று வரலாறு ஏற்றுக் கொண்டவையெல்லாம், முடிவை மறைக்காமல் எழுதி வைத்தவர்களாலும், எழுதியதை மீண்டும் திறந்து பார்த்தவர்களாலும் வந்தவை. அமிழ்ந்த குண்டுகளின் கணக்கை ஃபெர்ன்ஸ்ட்ரோம் மறைத்திருந்தால் அகலமான தகட்டின் தேவை எவருக்கும் விளங்கியிராது. முறிந்த தகடுகளைப் பெர்லினில் மூடி வைத்திருந்தால் மூன்றாம் வகை பிறந்திராது. நம் நாட்டில் செயற்கைத் தட்டுப் பொருத்திக் கொள்வோரின் ஐந்தாண்டு, பத்தாண்டு நிலையையும் ஒவ்வொரு மருத்துவமனையும் இவ்வாறே எழுதி வைத்து வெளியிடுமானால், நாளை வலியோடு வரும் ஒரு நோயாளிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.